எழுத்தும் ஊழியமும்: கிருபாபாய் சத்தியநாதன் அம்மையாரைக் குறித்துச் சில வரலாற்றுச் சிந்தனைகள்

கோட்டூர்புரத்தில் அடையாற்றின் தென்கரையை அடுத்த வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் நம் சபையைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் வாழ்ந்து வருகிறார். எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்தவரல்லர். கேட்பவர்களுக்குக் கட்டுரையும் மொழிபெயர்ப்பும் எழுதிக் கொடுத்து, அதில் வரும் ஊதியத்தைக் கொண்டு தம்மையும் தாயாரையும் காப்பவர். இரவில் எஞ்சும் நேரத்தில் ஒரு நாவலும் எழுதி வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் ஆராதனை முடிந்தபின் அவர் நம்மிடம் வந்து, "ஐயா, நான் எழுதுவதில் ஆண்டவருடைய பெயரே வருவதில்லை. இதுவும் ஊழியமாகுமா? அல்லது ஞாயிறு பள்ளியில் நான் கற்பிக்கும் ஒரு மணி நேரந்தான் ஊழியமா?" என்று கேட்டார்.

நாம் சற்றும் தயங்காமல் விடை கூறினோம். "எழுத்து நல்ல தாலந்துதான், அம்மா. நம் சபையின் மாத இதழுக்குத் தியானக் கட்டுரை ஒன்று எழுதிக் கொடுங்கள், அது ஊழியமாகும்" என்றோம். அவர் "சரிங்க, ஐயா" என்று சொல்லிச் சென்றார். தியானக் கட்டுரை வரவில்லை. அக்கேள்வியையும் அவர் மறுபடி எழுப்பவில்லை.

அவ்விடை எவ்வளவு குறைபாடுடையது என்பது நமக்குப் பின்னரே விளங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னைத் திருச்சபையைப் பற்றி மாணவர்களுக்குப் பாடக்குறிப்புகள் ஆயத்தம் செய்யும்பொருட்டு, அதே கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சில நாட்கள் அமர்ந்திருந்தோம். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர் கனம் டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயரைப் பற்றிக் குறிப்பெடுப்பதே நம் நோக்கம். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்துவை ஏற்று, சர்ச் மிஷனெரி சங்கத்தின் கீழ்க் குருப்பட்டம் பெற்று, சென்னையில் சுதேசத் திருச்சபை தன் காலில் நிற்பதற்கு அரும்பாடுபட்டவர் அவர். அவருடைய துணைவியார் அன்னாள் அம்மையார், 1830ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்ற ஜான் தேவசகாயம் ஐயரின் மகளார். பெண்கள் பள்ளிகளை நடத்தியவர். தாய்மார்களுக்கென்று 'நல்ல தாய்' என்னும் சிறு நூலைத் தமிழில் இயற்றியவர். இவ்விருவரையும் நம் சபை வரலாற்று நூல்கள் நன்றியோடு நினைவுகூர்கின்றன. ஆனால் அவ்வீட்டிற்கு மருமகளாக வந்த ஒருவரை அந்நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. சில நூல்களில் அவ்வரிகளும் இல்லை. அவரே கிருபாபாய். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, நம் சபைப் பெண்ணுக்கு நாம் கூறிய விடை நம்மை உறுத்தத் தொடங்கிற்று.

கிருபாபாய் 1862ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் மராட்டிய நாட்டு அகமத்நகரில் பிறந்தார். தந்தையார் ஹரிபந்த் கிஸ்தி, தாயார் ராதாபாய். இருவரும் பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்தவரானவர்கள். பதினான்கு பிள்ளைகளில் கிருபாபாய் பதின்மூன்றாமவர். தந்தையார் அவருடைய சிறுவயதிலேயே காலமானார். கல்வியில் அவருக்கு ஆர்வமூட்டி வளர்த்த அண்ணன் பாஸ்கரும் இளமையிலேயே மறைந்தார். பம்பாயில் மிஷன் விடுதிப் பள்ளியில் பயின்றபோது மருத்துவராக வேண்டும் என்னும் விருப்பம் அவருள் வேரூன்றிற்று. இங்கிலாந்து சென்று பயில்வதற்கான உதவித்தொகையும் கிட்டும் நிலையில் இருந்தது, உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. ஆகவே, 1875ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்த சென்னை மருத்துவக் கல்லூரியில் 1878ஆம் ஆண்டு சேர்ந்தார். தங்குவதற்கு இடங்கொடுத்தது சத்தியநாதன் ஐயரின் இல்லமே. முதலாண்டுத் தேர்வில் சிறப்புற்று விளங்கினார். அடுத்த ஆண்டே உடல் நலிந்து படிப்பைக் கைவிட நேர்ந்தது.

மருத்துவம் பயில வந்த பெண் எழுத்தாளரானது இவ்வாறுதான். அவருடைய எழுத்துப்பணி ஓர் அழைப்பின் பேரில் தொடங்கவில்லை. வேறொரு வழி அடைபட்டபின் தொடங்கிற்று. அழைப்பைப் பற்றி வகுப்பறையில் பேசும்போது, கதவு திறந்த கதைகளையே நாம் மிகுதியும் சொல்லுகிறோம் என்பது இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருகிறது.

கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய ஐயரின் குமாரர் சாமுவேல் சத்தியநாதனை 1881ஆம் ஆண்டில் கிருபாபாய் மணந்தார். சாமுவேல் உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்க, இருவரும் அங்குக் குடியேறினர். அங்கே கிருபாபாய் செய்த காரியங்கள் இரண்டு. சர்ச் மிஷனெரி சங்கத்தின் துணையோடு இஸ்லாமியச் சிறுமியருக்கு ஒரு பள்ளி தொடங்கினார் என்பது ஒன்று. பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கினார் என்பது மற்றொன்று. தோடர்களைக் காணச் சென்றதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 'சவுத் இந்தியா அப்சர்வர்' இதழில் வெளிவந்தது. கட்டுரையின் அடியில் அவருடைய பெயர் இல்லை. 'ஓர் இந்தியப் பெண்மணி' என்று மட்டுமே இருந்தது. குடும்பப் பெண்ணின் பெயர் அச்சில் ஏறுவதைச் சமூகம் விரும்பாத காலம் அது. எனினும் இந்த மறைவில் அடக்கம் மட்டுமின்றி ஒருவகை உரிமையும் இருந்தது என்று நாம் கருதுகிறோம். போதகரின் மருமகள் என்றோ, தலைமையாசிரியரின் மனைவி என்றோ கையொப்பமிடாமல் அவர் எழுத முடிந்தது. மிஷனின் அறிக்கைக்காகவும் அவர் எழுதவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதி, இதழாசிரியருக்கு அனுப்பி, வெளிவருமா என்று காத்திருந்த தனி எழுத்தாளர் அவர்.

1884ஆம் ஆண்டில் கணவரின் பணி மாற்றத்தால் ராஜமகேந்திரவரம், அதன்பின் கும்பகோணம், 1886இல் மீண்டும் சென்னை. இவ்விடமாற்றங்களுக்கிடையே உடல்நலமும் குன்றிக்கொண்டே வந்தது. சென்னைக்குத் திரும்பியபின் எழுதிய நெடுங்கதையே 'சகுணா'. இது 1887, 1888ஆம் ஆண்டுகளில் 'மதராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின்' இதழில் தொடர்ந்து வெளிவந்தது. கல்லூரி அக்காலத்தில் தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது (தாம்பரத்திற்குப் பெயர்ந்தது 1937இல்). வில்லியம் மில்லர் காலத்து அக்கல்லூரியின் இதழைக் கிறிஸ்தவர்களைப் போலவே இந்துப் பட்டதாரிகளும் வாசித்தனர் என்பதை நம் மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். சபைக்கு வெளியே இருந்தவர்களும் காணும்படியாகவே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் உள்வாழ்க்கை மாதந்தோறும் விரிந்தது.

'சகுணா'வின் துணைத்தலைப்பு, சுதேசக் கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றிய கதை என்பதாகும். ஆங்கிலத்தில் ஓர் இந்தியப் பெண் எழுதிய முதல் தன்வரலாற்று நாவல் என்று ஆராய்ச்சியாளர் இதனைக் குறிப்பிடுவர். அப்பெருமையைக் காட்டிலும் நமக்கு முக்கியமானது வேறொன்று. கதை சகுணாவிலிருந்து தொடங்கவில்லை. அவளுடைய தாய் ராதாவிலிருந்து தொடங்குகிறது. கணவன் புதிய மார்க்கத்தைத் தழுவுகிறான். இளம் மனைவி அதை விரும்பவில்லை. எனினும் அவன் வீட்டிற்குக் கொண்டுவரப்படுகிறாள். அவளுடைய மனம் உடனே மாறவில்லை. சுற்றத்தாரை இழந்த துயரமும், தீட்டைப் பற்றிய அச்சமும், கணவன்மீதுள்ள அன்பும் ஒன்றோடொன்று மோதி, நாள் செல்லச் செல்லத்தான் அவள் புதிய வாழ்க்கைக்கு இசைகிறாள்.

திருச்சபை வரலாறு கற்பிப்பவர்களாகிய நாம் ஞானஸ்நானப் பதிவேடுகளை நம்பி வாழ்பவர்கள். இன்ன நாளில் இன்னார் ஞானஸ்நானம் பெற்றார் என்பதே அவற்றிலிருந்து நமக்குக் கிடைப்பது. உடன் ஞானஸ்நானம் பெற்ற மனைவியின் பெயர் கணவன் பெயருக்குக் கீழே ஒரு வரியில் இருக்கும். அந்நாளில் அவள் அழுதாளா, அடுப்பங்கரையில் என்ன நிகழ்ந்தது, பிறந்தகத்திலிருந்து யார் வந்து வாசலில் நின்று திரும்பிப் போனார் என்பதைப் பதிவேடு கூறாது. மிஷனெரிமாரின் கடிதங்கள் ஓரளவு கூறுகின்றன. ஆனால் அவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள ஆதரவாளர்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. கிருபாபாய் தம் தாயின் அனுபவத்தை அடியொற்றி எழுதிய அப்பக்கங்கள் அவ்விடைவெளியை நிரப்புகின்றன. அப்பெண்ணின் தயக்கத்தை அவர் அவிசுவாசம் என்று கண்டிக்கவில்லை. கணவனின் துணிவைக் குறைத்துக் காட்டவுமில்லை. மகளாக நின்று இருவரையும் நேசித்து எழுதியிருக்கிறார். விசுவாசத்திற்குச் சங்கடமான உண்மையை மறைக்காமல் எழுதுவதற்கும் விசுவாசம் தேவைப்படுகிறது. அவ்வகை விசுவாசத்தை நாம் இப்பக்கங்களிற் காண்கிறோம்.

ஐரோப்பியரின் நடையுடை பாவனைகளை அப்படியே பின்பற்றும் சுதேசக் கிறிஸ்தவர்களையும், இந்தியரைத் தாழ்வாக எண்ணும் ஐரோப்பியரின் மேட்டிமையையும் அந்நூல் தயக்கமின்றிச் சுட்டுகிறது. மிஷன் பள்ளியில் வளர்ந்தவர், மிஷனோடு நெருங்கிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் இவற்றை எழுதினார் என்பதை நோக்கவேண்டும். இன்று சபைக் காரியங்களைப் பற்றி ஒருவர் இத்தனை நேர்மையோடு எழுதினால் நம் பேராயங்களில் எத்தனை பேர் அவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அக்காலத்துக் கிறிஸ்தவ இலக்கியம் எத்தகையது என்பதை நினைவிற் கொண்டால் இதன் அருமை விளங்கும். 1858ஆம் ஆண்டில் தோன்றி 1891இல் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்று பெயர் மாற்றம் பெற்ற நிறுவனத்தைப் போன்றவை ஆயிரக்கணக்கில் சிறு நூல்களையும் துண்டுப் பிரதிகளையும் வெளியிட்டன. அவற்றின் நன்மையை நாம் மறுக்கவில்லை. நம் பாட்டன்மார் பலர் அத்துண்டுப் பிரதிகளைப் படித்தே ஆண்டவரை அறிந்தவர்கள். ஆனால் அவற்றில் வரும் கதைகளின் முடிவு முதற்பக்கத்திலேயே தெரிந்துவிடும். பண்டித ரமாபாய் 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்ட உயர்சாதி இந்துப் பெண்ணைப் பற்றிய நூலும்கூட, விதவையருக்கு இல்லம் அமைக்கப் பொருள் திரட்டுதல் என்னும் தெளிவான நோக்கமுடையது. அதே ஆண்டில் தொடராகத் தொடங்கிய 'சகுணா' யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை.

இரண்டாம் நாவலாகிய 'கமலா'வில் கிருபாபாய் இன்னும் ஒரு படி சென்றார். இது இந்து வாழ்க்கையைப் பற்றிய கதை. நாசிக் வட்டாரத்தைக் களமாகக் கொண்டது. கமலா துறவி ஒருவரின் மகள். சிறுவயதில் மணம் முடிக்கப்பட்டு, மாமியார் வீட்டில் துன்புற்று, கணவனின் அன்பை வேறொருத்தியிடம் இழந்து, குழந்தையையும் பறிகொடுத்து, விதவையாகிறாள். அவளை நேசிக்கும் உறவினன் மறுமணத்திற்கு அழைக்கிறான். அவள் மறுத்து, எளியோருக்கு உதவும் வாழ்வை மேற்கொள்கிறாள். ஒரு துண்டுப் பிரதியாசிரியர் இக்கதையை எழுதியிருந்தால், இறுதி அத்தியாயத்தில் மிஷனெரி அம்மையார் ஒருவர் வந்திருப்பார். கமலா ஞானஸ்நானம் பெற்றிருப்பாள். கிருபாபாய் அவ்வாறு செய்யவில்லை. தம் கதாநாயகியை அவளுடைய சமயத்திலேயே விட்டுவிட்டார்.

இது எழுத்தாளரின் விசுவாசக் குறைவா? வகுப்பில் இதை நாம் கேட்டபோது மாணவர் ஒருவர் "ஆம்" என்று உறுதியாகச் சொன்னார். அவருடைய வாதம் இது: ஆத்தும ஆதாயத்திற்கு வாய்ப்பிருந்தும் எழுத்தாளர் அதைக் கைவிட்டார். நாம் அம்மாணவரை மதிக்கிறோம், மனத்திலுள்ளதைச் சொன்னார். ஆயினும் நமக்குத் தோன்றுவது வேறு. கமலாவைப் போன்ற பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெறவில்லை. அவர்களுடைய துன்பம் உண்மையானது. அவர்களுடைய உயர்ந்த பண்பும் உண்மையானது. நம் வரவேற்பறைக்கு வந்துசேராத காரணத்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை எழுதத் தகாததாகிவிடுமா? அவளை உள்ளபடி காண்பதும் அயலாரை நேசித்தலின் ஒரு பகுதியே. கதையில் ஒரு பொய்யான மனமாற்றத்தைச் சேர்ப்பது மனமாற்றம் என்பதன் மதிப்பையே குறைத்துவிடும்.

'கமலா' எழுதப்பட்ட சூழ்நிலையையும் கருத வேண்டும். கிருபாபாய்க்குப் பிறந்த ஒரே குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது. மாமியார் அன்னாள் அம்மையார் 1890இலும், மாமனார் ஐயரவர்கள் 1892இலும் மறைந்தனர். மாமனாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கி அதை முடிக்க இயலாமற்போயிற்று. நோயும் துயரமும் சூழ்ந்த நிலையில்தான் நாவல் எழுதி முடிக்கப்பெற்றது. 1894ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில், கிருபாபாய் இறைவனடி சேர்ந்தார். 'கமலா' அவ்வாண்டிலேயே நூலாயிற்று. 'சகுணா' 1895இல் நூலாயிற்று. இரண்டும் 1896இல் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தன. சிதறிக் கிடந்த கட்டுரைகளும் 1896இல் ஒரு தொகுதியாக வந்தன. போதகர் வரலாறு முடிவுறாமல் நின்றது. குழந்தையை இழந்த ஓர் இந்துப் பெண்ணின் கதை முடிந்தது. மீந்திருந்த பெலத்தை எதற்குச் செலவிட்டார் என்பதை இதிலிருந்து ஓரளவு அறியலாம். ஆனால் இதற்குமேல் ஊகிக்க நமக்கு உரிமையில்லை.

அதே 1894ஆம் ஆண்டில்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' நூலாக வெளிவந்தது என்பதை வாசகர் அறிவர். அதுவும் முதலில் பாளையங்கோட்டை 'நற்போதகம்' இதழில் பகுதி பகுதியாக வந்ததே. ஒன்று தமிழ்ச் செய்யுள், மற்றொன்று ஆங்கில உரைநடை. ஒன்று மோட்சப் பயணம், மற்றொன்று நாசிக்கின் மாமியார் வீடு. பின்வந்த தலைமுறை முதலாவதைப் போற்றிக் காத்தது, அது தகும். இரண்டாவதை நம் சபைகள் மறந்தன. 1998ஆம் ஆண்டில் சாந்தனி லொக்குகே பதிப்பாசிரியராக ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் இரு நாவல்களையும் மறுபதிப்புச் செய்தபோது அவற்றைத் தேடி வாங்கியவர்களில் ஆங்கில இலக்கியத் துறையினரே மிகுதி. இறையியல் கல்லூரிகளில் நாம் அவற்றை ஏறக்குறைய எட்டிப்பார்க்கவில்லை.

ஒன்றை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். கிருபாபாய் பிழைப்புக்காக எழுதியவரல்லர். கணவருக்கு அரசாங்கக் கல்வித்துறையில் நல்ல பதவி இருந்தது. கோட்டூர்புரத்துப் பெண்ணின் நிலையோடு ஒப்பிட வேண்டுமானால், அக்குடும்பத்தின் மற்றொருவரையே நோக்க வேண்டும். கிருபாபாய் மறைந்தபின், 1898ஆம் ஆண்டில் சாமுவேல் மறுமணம் செய்துகொண்ட அம்மையாரின் பெயர் கமலா. (முதல் மனைவியின் நாவலும் இரண்டாம் மனைவியும் ஒரே பெயரைத் தாங்குவதால், நம் மாணவர் சிலர் விடைத்தாளில் பெருங்குழப்பம் விளைவிக்கின்றனர்.) கமலா சத்தியநாதன் ஆந்திர நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பட்டம் பெற்றவர். 1901ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். 1906ஆம் ஆண்டில், அமெரிக்காவில் சொற்பொழிவுகள் ஆற்றித் திரும்பும் வழியில், சாமுவேல் ஜப்பானின் யோகோஹாமாவில் காலமானார். இரு குழந்தைகளும் இதழும் கமலாவின் பொறுப்பாயின. சமஸ்தானக் குடும்பத்துப் பெண்களுக்குக் கற்பித்துப் பொருளீட்டிக்கொண்டே அவர் இதழை 1918 வரை நடத்தினார்; இடையில் நின்றதை 1927இல் மீண்டும் தொடங்கி 1938 வரை கொண்டுசென்றார்.

அவ்வம்மையார் விசுவாசமுள்ள கிறிஸ்தவர். ஆனால் அவ்விதழில் சரோஜினி நாயுடுவின் கவிதைகள் வந்தன. கொர்னீலியா சொராப்ஜி எழுதினார். பெண்கள் ஆளும் நாட்டைக் கனவு காணும் ரொக்கேயா ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு' 1905ஆம் ஆண்டில் முதன்முதலில் அச்சேறியது அவ்விதழிலேதான். வங்காளத்து இஸ்லாமியப் பெண் ஒருவரின் கற்பனைக்குச் சென்னைக் கிறிஸ்தவ விதவையாகப் போகும் ஒருவர் இடங்கொடுத்தார். சபை அவரிடம் இதைக் கேட்கவில்லை. சபை எழுப்பாத கட்டடம் அது. கணக்குப் பார்ப்பதும் சந்தாதாரரைத் தேடுவதும் பிழை திருத்துவதுமாகச் சென்ற அந்த ஆண்டுகளை ஊழியம் என்னும் தலைப்பின் கீழ் யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. அவருடைய மகளார் பத்மினி சென்குப்தா 1956ஆம் ஆண்டில் தாயாரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதிவைத்தது நமக்குப் பெரும் உதவி.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டபின் நம் சபைப் பெண்ணைச் சந்தித்து, முன்பு கூறிய விடைக்காக வருத்தம் தெரிவித்தோம். தியானக் கட்டுரை இனி வேண்டியதில்லை என்றும் சொன்னோம். அவர் சிரித்தார். 'சகுணா' மறுபதிப்பின் நம் சொந்தப் பிரதியை அவரிடம் கொடுத்தோம். சில வாரங்கள் கழித்து, ஆலய வாசலில் நின்று, அந்தத் தாய் ராதாவைப் பற்றிய பகுதியைத்தான் இரண்டு முறை படித்ததாகக் கூறினார். பிறகு, "அவர்களுக்குச் சமையல் செய்ய ஆள் இருந்தார்களா, ஐயா? எந்த நேரத்தில் எழுதினார்கள்?" என்று கேட்டார். நம் குறிப்பேடுகளில் அதற்கு விடை இருக்கவில்லை. அதைத் தேட வேண்டும் என்றே நமக்குத் தோன்றியிருக்கவில்லை. "எனக்குக் காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை. அம்மா எழுந்த பிறகு முடியாது" என்று அவரே சொல்லிவிட்டு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் காத்திருப்பதாகக் கூறி உள்ளே சென்றார். நாவல் பதினோராம் அத்தியாயத்தில் நிற்கிறதாம். நம் பிரதி இன்னும் திரும்பி வரவில்லை, நாமும் கேட்கவில்லை.